நாங்கள் ஆடி முடித்த பருவம்

செய்தி வந்தபோது என் கை ஒரு முதியவரின் முழங்காலில் இருந்தது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் வேலை செய்யும் இயன்மருத்துவ நிலையத்தில், ஆள் கட்டிலில் இருக்கும்போது கைபேசியைத் தொடுவதில்லை என்பது என் சட்டம். அன்று அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன். வில்னர். ஹெய்ட்டியிலிருந்து வந்தவன், எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளனாக இருந்தவன், கதவுக்குள் குனிந்து நுழைகிற அளவு உயரமானவன். பிரெஞ்சில் ஏதோ தொடங்கினான், பாதியில் நின்றான். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "நேசன் இல்லை, கௌரி" என்றான்.

அன்று காலை டொலார்டில் தன் வீட்டு வாசலில் பனி தள்ளியிருக்கிறார். உள்ளே வந்து கதவடிக் கதிரையில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார். மனைவி மலர் அக்காவிடம் தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அக்கா தேத்தண்ணியோடு வந்தபோது மற்றச் சப்பாத்து காலிலேயே இருந்தது. அவர் போய்விட்டார்.

சிவநேசனை, நம்மில் பலருக்கு நேசன் அண்ணையை, தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் வாசிக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் தெரிந்தவர்கள் மேல்தான். அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்த மாலையில் ஒலிவாங்கி முன் வந்தவர்கள் எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். கோயில் தேருக்கு முதல் ஆளாக வந்து நிற்பார் என்றார்கள். யார் வீடு மாறினாலும் சாமான் தூக்க வருவார் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு முழுக் குளிர்காலத்தை யாரோ வெட்டி எடுத்துவிட்டதுபோல அத்தனை பேரும் தாண்டிப் போனார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நான் பேசப் போவதற்கு முன், விளையாட்டுக் கழகம் ஒன்றின் பெரியவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "பிள்ளை, கதைக்கிறதெண்டால் கதையுங்கோ. அந்த ரீமின்ரை கதையை மட்டும் எடுக்காதேங்கோ. தோத்த கதை. மனுசிக்கும் வெக்கம்."

"அதிலை வெக்கப்பட என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"செத்தவீட்டிலை வாய்காட்டாதேங்கோ," என்றார். என் முறை வந்தபோது நேரம் போதாது என்று ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்கள். நல்லது. இங்கே நேரம் நிறைய இருக்கிறது, ஒலிவாங்கியும் என் கையில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இந்த நகரத்துக்கு ஓர் உள்ளரங்க உதைபந்தாட்ட அணி வந்தது. பொழுதுபோக்கு அணி அல்ல. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக், பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க ஊர்களின் அணிகள். மொன்றியல்-நோரில் ஹொக்கி ஆடும் ஒரு பழைய அரங்கு எங்களுடைய களம். பனித்தரைக்கு மேல் பச்சை விரிப்பைப் போட்டு ஆடுவோம். விரிப்புக்குக் கீழிருந்து குளிர் ஏறி வந்து காலைப் பிடிக்கும். நான் காயம் பார்க்க எடுக்கப்பட்டவள். நேசன் அண்ணை துணைப் பயிற்றுநர். பகலில் அவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார், நான் இதே நிலையத்தில்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். களத்தைச் சுற்றி நாலு பக்கமும் சுவர். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வரும். கோல்காப்பாளரோடு ஆறு பேர். நிற்க நேரமில்லாமல் ஓடுவதால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முடிந்துவிடும். அதனால் ஆட்டத்தை நிறுத்தாமலே ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். களைத்தவன் சுவர்க் கதவால் வெளியே வர, புதியவன் உள்ளே பாய வேண்டும். வெளியே வருகிறவன் முழுதாக வர முன் உள்ளே போகிறவன் போய்விட்டால், ஆள் கூடிவிட்டது என்று நடுவர் விசில் அடிப்பார். ஒருவனை இரண்டு நிமிடம் வெளியே இருத்துவார். ஆகவே யாரை எப்போது மாற்றுவது என்று சொல்கிறவர் கையில்தான் ஆட்டமே இருக்கிறது. எங்கள் அணியில் அது நேசன் அண்ணை.

"பந்து வெளியாலை போகாத விளையாட்டு, பிள்ளை. அதுதான் எனக்குப் பிடிச்சது," என்பார். "ஏலாமப் போனா உதைஞ்சு வெளியாலை விட்டிட்டு நிண்டு மூச்சு வாங்கலாம் எண்டு இதிலை நினைக்கேலாது. திரும்பி வரும். வாறதை எடுக்கத்தான் வேணும்."

முதல் வாரங்களில் பிரெஞ்சில்தான் கட்டளை சொன்னார். முன்பு வேலை செய்த தையல் தொழிற்சாலையில் காதால் பிடித்த பிரெஞ்சு அது. அவர் வினைச்சொல்லை முடிப்பதற்குள் எதிரணி கோல் அடித்துவிடும். ஆங்கிலத்தில் சொன்னால் அணியில் பாதிப் பேர் விளங்காமல் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் பயிற்சியில் பொறுமை போய், "மாத்து!" என்று கத்தினார். நாலு பேர் சொல்லி வைத்ததுபோல வெளியே வந்தார்கள், நாலு பேர் உள்ளே போனார்கள். அவரே திகைத்துப் போனார். அதன்பின் மற்றவையும் வந்தன. சுவரில் அடித்து எடு என்பதற்கு "சுவர்". பந்தைத் தொடாதே என்பதற்கு "விடு". ஆளை நெருங்கு என்பதற்கு "கிட்ட". ஹெய்ட்டி வில்னரும், அல்ஜீரியக் கரீமும், பனிக்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கெபெக் பிரெஞ்சுக்காரன் மத்தியூவும் ஆளையாள் பார்த்து "கிட்ட, கிட்ட" என்று கத்திக்கொண்டு ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வந்திருக்க வேண்டும். அமெரிக்க அணிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பயிற்றுநர் என்னிடமே வந்து அது என்ன மொழி என்று கேட்டார். புன்னகைத்துவிட்டுக் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தமிழ்தான் எங்களை ஒருநாள் கவிழ்த்தது. கழகப் பெரியவர் இந்தக் கதையைத்தான் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சொல்கிறேன், முழுதாக.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஆட்டம். தொழில்முறை லீக்கில் ஒரு தமிழர் பயிற்றுநர் என்று அங்கே செய்தி பரவி, அரங்கில் பாதி நம்மாட்கள். பிள்ளை குட்டியோடு வந்திருந்தார்கள். எங்களுக்காகத்தான் வந்தார்கள், சொந்த ஊர் அணியை விட்டுவிட்டு. முதல் பாதியில் நாங்கள் முன்னால் நின்றோம். இரண்டாம் பாதியில் கரீம் ஒரு பந்தைத் தவறவிட்டான். பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "அண்ணை, அவனை மாத்து!" என்று கத்தினார். நம்மாட்களில் ஆட்டம் பார்க்க வருகிற எவரும் சும்மா பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே. அடுத்தவர் எழும்பினார். பிறகு ஒரு பக்கம் முழுவதும், "மாத்து! மாத்து!"

எங்கள் பெடியள் அந்தச் சத்தத்துக்குப் பழக்கப்பட்டவர்கள். கரீம் பந்தோடு கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவன், பந்தை அப்படியே விட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடி வந்தான். மத்தியூவும் ஓடி வந்தான். இருக்கையில் இருந்த நாலு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். களத்தில் யார் நிற்பது, யார் வருவது என்று யாருக்கும் தெரியவில்லை. விசில். இரண்டு நிமிடம். அதற்குள் கோல். திரும்ப "மாத்து!" திரும்ப விசில். நேசன் அண்ணை இருக்கைமேல் ஏறி நின்று, சத்தம் போடவேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் தங்களுக்குக் கை காட்டுகிறார் என்று நினைத்துச் சனம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், அதே ஆட்கள் ரோல்ஸ் பெட்டியோடு நிற்கிறார்கள். ஒருவர் அண்ணையைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, இவ்வளவு கத்தியும் வெல்லேலாமப் போச்சே!" என்று கண் கலங்கினார். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணை என் கையை அழுத்தினார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு, "ஓம், நல்லாத்தான் கத்தினனீங்கள்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தலைமைப் பயிற்றுநர் எழுந்து, இனி அந்த மொழியில் ஒரு சொல்லும் கேட்கக் கூடாது என்றார். நேசன் அண்ணை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு "நோன்" என்று மறுத்தார், அவர் பிழையில்லாமல் சொன்ன பிரெஞ்சுச் சொல் அது ஒன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "தோத்தது தமிழாலை இல்லை. எங்கடை சனம் பாசத்திலை தோக்கடிச்சது. அதுக்கு நான் என்ன மொழியை மாத்திறதே?" என்றார். பின்னால் இருந்த வில்னர், என்ன சொன்னார் என்று கேட்டான். நான் சொன்னேன். அவன் பிரெஞ்சில் பஸ்ஸுக்கே கேட்கும்படி, "பிரெஞ்சு எல்லாருக்கும் தெரியும், ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், இது எங்களுடையது," என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தை மாதக் குளிரில் அணியின் முதலாளி தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். முதலில் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு எதையும் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தலைமைப் பயிற்றுநர் வேறோர் அணிக்குப் போனார். லீக்கிலிருந்து ஒருவர் எங்களைக் கூப்பிட்டு விதியைச் சொன்னார். ஒரேயோர் ஆட்டத்துக்கு வராவிட்டால்கூட அணியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ஆடாத ஆட்டங்களாகிவிடும். வில்னர் தடுத்த தண்டனை உதைகள், மத்தியூ சுவரில் அடித்து எடுத்துப் போட்ட கோல், மூக்கில் இரத்தம் வழிய ஆடி வென்ற அந்தச் சில ஆட்டங்கள், ஒன்றும் நடக்காதவை ஆகிவிடும். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இப்போதே விலகிக்கொண்டால் எல்லாருக்கும் சுகம் என்றும் சொன்னார்.

உடைமாற்றும் அறையில் எல்லாரையும் இருத்தி நேசன் அண்ணை பேசினார். தமிழில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். "போறவன் இப்பவே போகலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டம். நிக்கிறவன் கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் நிக்க வேணும். வெல்லுவம் எண்டு நான் சொல்லேல்லை. ஆடினது ஆடினதுதான். அதை ஆடேல்லை எண்டு சொல்ல ஒருத்தனையும் விடேலாது." சிலர் எழுந்து போனார்கள். அண்ணை ஒவ்வொருவரோடும் கதவுவரை போய்க் கைகொடுத்து அனுப்பினார். மிச்சப் பேர் நின்றார்கள். ராக்சி ஓட்டுகிறவன், பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவன், படிக்கிறவன். அகதி வழக்கு முடியாததால் எல்லை தாண்ட முடியாதவர்கள் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும் வந்தார்கள். அமெரிக்க ஊர்களில் மாற்ற ஆளே போதாமல் ஆடினோம். நிறையத் தோற்றோம். ஒவ்வொரு முறையும் போய் நின்றோம்.

இந்த விஷயம் எப்படியோ ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குத் தெரிந்து, ஓர் இளம் பெண் கமராவோடு வந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் கையில் கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. போரிலிருந்து தப்பி வந்த மனிதர், கைவிடப்பட்ட அணியில் தன்னையே காண்கிறார், அப்படி ஏதோ. யாழ்ப்பாணத்தில் நீங்கள் இழந்த உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை அவளை உற்றுப் பார்த்தார். "நாளைக்கு மற்ச் இருக்கு. அதைக் கேக்கச் சொல்லு," என்றார்.

நான் அதைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லத் தொடங்கினேன். அவர் முழங்கையால் என்னை இடித்தார். "அப்பிடியே சொல்லு, பிள்ளை. சீனி போடாதை. நான் அகதியா வந்தனான்தான், அதுக்கு இருக்கிறதெல்லாம் அகதிக் கதையே? இது விளையாட்டு. மாத்திற இரண்டாவது வரிசையிலை எனக்கு ஒரு இடது கால் ஆட்டக்காரன் இல்லை. அதுதான் என்ரை பிரச்சினை." அப்படியே சொன்னேன். அந்தப் பகுதியை அவர்கள் ஒளிபரப்பவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் அரங்கிலேயே நடந்தது. எதிரே லீக்கின் முதலாவது அணி. நம்மாட்களில் வந்தவர்கள் குறைவு. இறுதிச்சடங்கில் நிறைந்திருந்த முகங்களில் பலவற்றை நான் அன்று அங்கே காணவில்லை. ஆனால் மலர் அக்கா வந்திருந்தார், தேத்தண்ணிப் போத்தலோடு, எங்கள் இருக்கைக்கு நேர் பின்னால். வெட்கப்பட்டாராம்! தொண்டை கட்டும்வரை நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "கண் தெரியாட்டி வீட்டை போ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மொழி தெரியாத நடுவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தோற்றுக்கொண்டிருந்தோம். எத்தனைக்கு எத்தனை என்று எழுத எனக்குப் பயமில்லை, ஆனால் அதைத் தேடுகிறவர்கள் தேடிப் பார்க்கட்டும், லீக்கின் பட்டியலில் அது இருக்கிறது. ஆட்டம் முடியச் சொற்ப நேரம்தான் இருந்தது. வெல்ல வழியே இல்லை. எதிரணிக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கினார்கள். நேசன் அண்ணை அப்போதும் களத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மாத்து!" என்றார். கரீம் நொண்டிக்கொண்டு வந்தான், இன்னொருவன் போனான். கொஞ்சத்தில் திரும்ப "மாத்து!"

"அண்ணை, இனி என்னத்துக்கு மாத்திறியள்?" என்று கேட்டேன். கரீமின் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகை வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "களைச்சவனை நிண்டு தோக்க விடக்கூடாது, பிள்ளை. தோக்கிறதெண்டாலும் மூச்சோடை நிண்டு தோக்க வேணும். ஆரும் ஏலாதெண்டால் மற்றவன் உள்ளுக்கை போக வேணும். அவ்வளவுதான் என்ரை வேலை."

கடைசி விசில் அடித்தது. அவர் சுவர்க் கதவின் கொளுக்கியைப் போட்டுவிட்டு, "ஆடி முடிச்சிட்டம்," என்றார். பிறகு, "ஆருக்கும் காயமோ?" என்று கேட்டார். அணி அந்த வசந்தத்தோடு கலைந்தது. பட்டியலில் எங்களுடையது கடைசி இடம். கழகப் பெரியவருக்கு அது வெட்கமாக இருக்கலாம். எனக்கு அது ஓர் இடம். ஒரு தொலைபேசி அழைப்பில் இல்லாமல் போயிருக்க வேண்டிய பெயர், இன்றும் அங்கே எழுத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அண்ணை பண்டகசாலைக்கு வேலைக்குப் போனார்.

இனி, கழகப் பெரியவரும் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

இறுதிச்சடங்கு அன்று மூச்சு வெள்ளையாய் வரும் குளிர். சடங்குகள் முடிந்து பெட்டியைப் பிரேத வண்டிக்குக் கொண்டுபோக, மண்டபத்துக்காரர்கள் சில்லு வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். வில்னர் முன்னால் வந்து, வேண்டாம், நாங்கள் தோளில் காவுகிறோம் என்றான். அவனுக்குப் பின்னால் எங்கள் பெடியள். தொந்தி போட்டவன், தலை நரைத்தவன், விடியமுன் புறப்பட்டுக் கார் ஓட்டி வந்த மத்தியூ. பாதையில் ஐஸ் கட்டியிருக்கிறது, உப்புப் போட்டும் வழுக்குகிறது என்று மண்டபத்துக்காரர் சொன்னார். கழகப் பெரியவரும் வந்து, "இதை ஒரு கூத்தாக்காதேங்கோ, வண்டி இருக்குத்தானே," என்றார்.

மலர் அக்கா அதுவரை யாரோடும் பேசாமல் இருந்தவர். "காவட்டும்," என்றார். "அவர் பழக்கின பிள்ளைகள். அவங்கள் காவட்டும்."

ஆறு பேர் தோளில் எடுத்தார்கள். பக்கத்தில் மிச்சப் பேர் இரண்டாவது வரிசையாக நடந்தார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. பாதி தூரத்தில் கரீமின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அந்த முழங்காலை ஒரு பருவம் முழுக்க நான்தான் கட்டினேன். அது எப்போது கைவிடும் என்று அவனுக்கு முன் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன், முன்னால் நின்ற வில்னர் திரும்பிப் பாராமலே கத்தினான். "மாத்து!"

பெட்டி நிற்கவில்லை. ஒருவன் தோளை எடுக்க மற்றவன் தோளைக் கொடுத்தான். மத்தியூ வெளியே வந்தான், இன்னொருவன் போனான். எல்லா இடமும் மாறியது, கரீமின் இடம் தவிர. இரண்டாவது வரிசையில் ஓர் ஆள் குறைவு. அங்கே அவனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது நான்தான்.

"பொம்பிளைப் பிள்ளைகள் காவுறேல்லை" என்று யாரோ தொடங்கினார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.

"கௌரி, போ!" என்றது மலர் அக்காவின் குரல்.

கரீம் முழுதாக வெளியே வந்தான். அதன்பிறகே நான் உள்ளே போனேன், விசில் அடிக்க இடம் வைக்காமல். பெட்டியின் விளிம்பு என் வலது தோளில் ஏறியது. நேசன் அண்ணை நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தார். வண்டிவரை வழுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் நான் இருக்கையில் இருந்தேன், கட்டுத்துணியும் ஐஸுமாக. ஒருமுறைகூட யாரும் என்னை உள்ளே போகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டார்கள், போய்விட்டேன். அந்தப் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. யாராவது "மாத்து" என்று சொல்லும்வரை நான் வெளியே வரமாட்டேன்.